நாகப்பட்டினத்தில் வீட்டுமனை: காடம்பாடியா, வெளிப்பாளையமா, வேளாங்கண்ணி ரோடா?

மன்னை_சிங்கை

எல்லாருக்கும் வணக்கம். சொந்த ஊர் மன்னார்குடி பக்கம் ஒரு கிராமம், பிழைப்பு சிங்கப்பூரில். வீட்டுக்காரம்மாவுக்குப் பிறந்த ஊர் நாகப்பட்டினம். நாலைந்து வருஷத்தில் ஊர் திரும்பிடலாம்னு இருக்கோம். கிராமத்து வீடு தம்பிக்குப் போயிட்டது. நாகையிலேயே ஒரு வீடு பார்த்து அம்மாவையும் கூட வச்சுக்கணும்.

மூணு இடம் காட்டியிருக்காங்க. காடம்பாடியில் 5 சென்ட் காலி மனை. வெளிப்பாளையத்தில் முற்றம் வைச்ச பழைய வீடு, சுண்ணாம்புச் சுவர், மேலே பாதி மெட்ராஸ் டெரஸ் (மரக்கட்டை மேல் செங்கலும் சுண்ணாம்பும் வைச்ச தளம்), பாதி நாட்டு ஓடு. மூணாவது, பாப்பாக்கோயில் தாண்டி வேளாங்கண்ணி போற வழியில் புதுசா போட்ட நகர். வளைவு கட்டி, தார் ரோடு போட்டு அழகா இருக்கு. கடல் நடக்கிற தூரம். விலையும் அதுதான் குறைச்சல். என் மனசு அங்கேதான் நிக்குது, மனைவிக்கு வெளிப்பாளையம். அங்கே குடியிருக்கிறவங்க யாராவது உள்ளதைச் சொல்லுங்க.

வெளிப்பாளையம்_வாத்தியார்

தம்பி, நான் ஓய்வுபெற்ற ஆசிரியர். வெளிப்பாளையத்திலேயே பிறந்து வளர்ந்தவன்.

நீங்க இடம் பார்த்தது எந்த மாசம்? மாசி, பங்குனியில் பார்த்திருந்தால் எந்த மனையும் நல்ல மனையாத்தான் தெரியும். நம்ம ஊருக்கு மழை ஐப்பசியிலும் கார்த்திகையிலும்தான். ரெண்டு நாள் அடைமழை பெய்து விட்ட மறுநாள் காலையில் அந்த நகருக்குப் போய் நின்னு பாருங்க. தண்ணி எந்தப் பக்கமா ஓடுது, எங்கே தேங்குது, எத்தனை நேரத்தில் வடியுதுன்னு பார்த்தாலே பாதி முடிவு வந்திடும். நீங்க வர முடியலைன்னா மச்சான் யாரையாவது அனுப்பி வீடியோ எடுக்கச் சொல்லுங்க.

டெல்டாவின் கடைமடை இது. மேட்டூரில் விட்ட தண்ணியும் தஞ்சாவூர், திருவாரூர் வயல்களில் பெய்த மழையும் கடைசியில் நம்மைத் தாண்டித்தான் கடலுக்குப் போகணும். அமாவாசை, பௌர்ணமி ஏற்றத்தில் கடல் தண்ணியை வாங்காது. முகத்துவாரத்தில் எதிர்த்துத் தள்ளும். அந்த நேரத்தில் மழையும் சேர்ந்தால் கடுவையாறும் வடிகால்களும் நிரம்பி நிக்கும். அப்போது தாழ்ந்த மனையில் இருக்கிறவனுக்கு வாசலில் முழங்கால் தண்ணி.

பழைய வெளிப்பாளையத் தெருக்கள் கொஞ்சம் மேடு. முன்னோர் மேட்டைப் பார்த்துத்தான் குடியேறினாங்க. பள்ளத்தை வயலுக்கு விட்டாங்க. இப்போ காலி மனையா விற்கிறது பெரும்பாலும் அந்த வயல்தான்.

மற்றபடி இருக்கிறதுக்கு நல்ல ஊர். சாயங்காலக் கடல்காற்றுக்காகவே சித்திரை வெயிலைப் பொறுத்துக்கலாம். நீலாயதாட்சி அம்மன் கோயிலும் நாகூர் தர்காவும் வேளாங்கண்ணி மாதாவும் ஒரு ஆட்டோ தூரம். மீன் காலையில் துடிக்கத் துடிக்கக் கிடைக்கும். மருத்துவத்துக்கு ஒரத்தூரில் 2022இல் திறந்த அரசு மருத்துவக் கல்லூரி இருக்கு. ஆனால் பெரிய சிகிச்சைன்னா இன்னமும் தஞ்சாவூருக்குத்தான் வண்டி கட்டுறோம். அம்மாவுக்கு இருதயக் கோளாறு, சிறுநீரகக் கோளாறு மாதிரி ஏதாவது இருந்தால் இதை நல்லா யோசிச்சுக்குங்க.

பத்திர_எழுத்தர்_நாகை

வாத்தியார் ஐயா தண்ணியைச் சொல்லிட்டார். நான் தாளைச் சொல்றேன்.

மன்னை தம்பி, முதலில் ஒரு கேள்வி. நீங்க வெளிநாடுவாழ் இந்தியரா இருக்கிற வரைக்கும் அந்நியச் செலாவணிச் சட்டப்படி விவசாய நிலம், தோட்டம், பண்ணைவீடு விலைக்கு வாங்கக்கூடாது. வீடும் வீட்டுமனையும் வாங்கலாம். அந்த மூணாவது நகரில் வளைவும் தார் ரோடும் இருக்கட்டும், பட்டாவில் நஞ்சைன்னு இருந்தால் உங்களுக்கு அது ஆகாது. நஞ்சையை முறைப்படி மனையாக மாற்ற மாவட்ட ஆட்சியர் இசைவும் நகர் ஊரமைப்புத் துறை அனுமதியும் வேணும். மனைப்பிரிவு 500 சதுர மீட்டருக்கு மேல் இருந்தாலோ, எட்டு மனைக்கு மேல் போட்டிருந்தாலோ ரேரா (மனை விற்பனையை ஒழுங்குபடுத்துற ஆணையம்) பதிவும் கட்டாயம். அந்த எண்ணைக் கேளுங்க. "எல்லாம் இருக்கு சார்"னு வாயால் சொன்னால் போதாது. எண்ணை வாங்கி இணையத்தில் நீங்களே தேடிப் பாருங்க.

அங்கீகாரம் இல்லாத மனையை 2016 அக்டோபர் 20க்குப் பிறகு புதுசாப் பதிவு செய்ய முடியாது. அதுக்கு முன்னாடியே வீட்டுமனைன்னு பதிவான மனையை மறுபடி விற்கலாம். அதனால் சிலர் பழைய பத்திரத்தைக் காட்டி "இது பதிவாகும்"னு சொல்லுவாங்க. பதிவாகும், சரிதான். ஆனால் வீடு கட்ட அனுமதி கேட்டுப் போகும்போதும் பேங்கில் கடன் கேட்கும்போதும் வரன்முறைப்படுத்தின உத்தரவைக் கேட்பாங்க.

அடுத்தது அடிமனை. நாகையிலும் நாகூரிலும் இதுதான் பெரிய விஷயம். கோயிலுக்கும் மடத்துக்கும் தர்காவுக்கும் சொந்தமான மண்ணில் தலைமுறையா வீடு கட்டிக் குடியிருக்காங்க. மண் கோயிலுக்கு, மேல்கட்டடம் குடியிருக்கிறவருக்கு. வருஷா வருஷம் தரை வாடகை கட்டுவாங்க. அப்படிப்பட்ட வீட்டை விற்கும்போது கட்டடத்தைத்தான் கைமாற்ற முடியும். மண்ணை விற்கணும்னா அறநிலையத் துறைச் சட்டம் 34ஆம் பிரிவில் அனுமதி வேணும், அது லேசில் வராது. வக்ஃபு மண்ணை விற்கவே சட்டம் இடம் கொடுக்காது. பழைய வீடு விலை குறைவா வந்தால் முதல் கேள்வி: மண் யாருது?

நகராட்சி எல்லைக்குள்ளே கிராமப் பட்டாவைப் பார்த்துட்டு நின்னுடாதீங்க. டவுன் சர்வே நிலப் பதிவேட்டு நகல் வாங்கணும். அதில் உரிமையாளர் பெயரும் நிலத்தின் தன்மையும் இருக்கும். மூலப்பத்திரத்தில் இருக்கிற பழைய சர்வே நம்பர் இப்போது எந்த டி.எஸ். நம்பராக மாறியிருக்குன்னு ஒத்துப் பார்க்கணும். நாலு எல்லையும் அளவும் பொருந்தலைன்னா அட்வான்ஸ் கொடுக்காதீங்க. வில்லங்கம் 30 வருஷத்துக்காவது போடுங்க.

நிலத்தரகு_கீழையூர்

பெரியவங்க சொல்றதை மறுக்கலை. ஆனால் எல்லாத்துக்கும் பயந்தால் யாரும் எதுவும் வாங்க முடியாது. நான் இந்தத் தொழிலில்தான் இருக்கேன், அதை மறைக்கலை.

2012இல் மீன்வளப் பல்கலைக்கழகம் வந்தது. 2023 அக்டோபரில் காங்கேசன்துறைக்குக் கப்பல் விட்டாங்க. பனங்குடியில் சுத்திகரிப்பு ஆலையைப் பெருசா விரிக்கிறாங்க. மருத்துவக் கல்லூரி வந்துட்டது. வேலைக்கு வர்றவங்க எங்கே தங்குவாங்க? கடற்கரைச் சாலை ஓரத்தில் அங்கீகரிச்ச மனை இப்போ வாங்கினவங்க பிள்ளைகள் காலத்தில் சந்தோஷப்படுவாங்க. தாழ்வா இருந்தால் சவுடு அடிச்சு ஏத்திக்கலாம். எல்லாரும் அப்படித்தான் கட்டுறாங்க.

சைட்_இன்ஜினியர்_திருவாரூர்

"சவுடு அடிச்சு ஏத்திக்கலாம்"கிறதுதான் எனக்கு ஒப்பலை அண்ணே. ஒருத்தர் ஏத்தினால் பக்கத்து மனையில் தண்ணி. அவரும் ஏத்தினால் ரோட்டில் தண்ணி. பிறகு நகராட்சி ரோட்டை உயர்த்தும், முதலில் ஏத்தினவர் வீடு மறுபடி பள்ளமாகும். இதை நான் வேலை செய்த நகர்களில் பார்த்துக்கிட்டே இருக்கேன். வயலில் பாசன வாய்க்கால் தனி, வடிகால் வாய்க்கால் தனி. மனை போடும்போது "இனி இங்கே சாகுபடி இல்லையே"ன்னு ரெண்டையும் தூர்த்துடுறாங்க. பாசன வாய்க்கால் போனால் போகட்டும். வடிகாலைத் தூர்த்தால் அந்த நகருக்கு விடிவே இல்லை. புலப்படத்தில் (சர்வே வரைபடத்தில்) வாய்க்கால் கோடு இருக்கா, நேரில் அந்த இடத்தில் வாய்க்கால் இருக்கான்னு கையில் படத்தோட நடந்து பாருங்க. படத்தில் இருந்து தரையில் இல்லைன்னா அந்த மனைப்பிரிவே வேணாம்.

அப்புறம் கட்டடம். கடலோரக் காற்றுக்கு வெளியே தெரியும் கான்கிரீட்டை ஐ.எஸ். 456ங்கிற இந்தியக் கான்கிரீட் தர விதி கடுமையான சூழல்னு சொல்லுது. குறைஞ்சது எம் 30 கிரேடு, தண்ணி–சிமென்ட் விகிதம் 0.45க்குள், கம்பிக்கு மேல் 45 மி.மீ. கவர். நம்ம பக்கம் வழக்கமா வீட்டுக்கு எம் 20 போட்டு, 20 மி.மீ. கவர் பிளாக் வச்சு முடிச்சிடுறாங்க. பத்துப் பதினைஞ்சு வருஷத்தில் சன்ஷேடும் பால்கனி அடிப்பக்கமும் பெயர்ந்து கம்பி தெரியும். உப்புக் காற்று மேல் பழியைப் போட்டுடுவாங்க. உப்புக் காற்று இருக்கிறது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே, அதுக்குத் தக்கபடி கட்டலைங்கிறதுதான் விஷயம்.

இன்னொண்ணு, இதுதான் ரொம்ப முக்கியம். மனையில் போட்ட போர் தண்ணியிலேயே கான்கிரீட் கலக்காதீங்க. கம்பி போட்ட கான்கிரீட்டுக்குக் கலக்கிற தண்ணியில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது. நாகைப் பக்கம் பல போரில் அதைத் தாண்டும். வெளியே எவ்வளவு பெயின்ட் அடிச்சாலும் உள்ளேயே உப்பை வச்சுக் கட்டினால் கம்பி துருப்பிடிக்கும். தண்ணியைப் பரிசோதனைக்குக் கொடுங்க, சரியில்லைன்னா லாரித் தண்ணி. கியூரிங்குக்கும் அதேதான்.

மண் களிமண்ணா இருந்தால் மழையில் உப்பி, வெயிலில் வெடிக்கும். மண் பரிசோதனை செய்துட்டு, தேவைப்பட்டால் அண்டர் ரீம் பைல் (அடியில் அகலமாகிற ஆழத் தூண்) போட்டு பேஸ்மட்டம் தூக்குங்க. இந்தச் செலவையெல்லாம் கூட்டினால் "விலை குறைச்சல்"னு சொன்ன மனை குறைச்சலா இருக்காது.

அக்கரைப்பேட்டை_பொண்ணு

அண்ணா, நீங்க "கடல் நடக்கிற தூரம்"னு எழுதினதைப் பார்த்ததும் எழுதணும்னு தோணுச்சு. எங்க குடும்பம் கடல் தொழில். 2004 டிசம்பர் 26இல் எங்க ஊரிலும் கீச்சாங்குப்பத்திலும் என்ன நடந்ததுன்னு உங்க வீட்டு அண்ணியைக் கேளுங்க. இந்த மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கு மேல் உயிர் போச்சு. கடல் பக்கத்தில் வராதீங்கன்னு சொல்லலை. நாங்களே இங்கேதானே இருக்கோம். எங்களுக்குத் தொழில் அங்கே. விடியக் கருக்கலில் போட் வரும்போது கரையில் ஆள் நிக்கணும். உங்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லையே.

வடக்குப் பொய்கைநல்லூரில் போய்ப் பாருங்க. கடலுக்கும் ஊருக்கும் நடுவில் பெரிய மணல்மேடு இருக்கு. சுனாமி அன்னைக்கு அந்த ஊரை அந்த மேடுதான் காப்பாத்துச்சு. மேட்டை வெட்டி மண் எடுக்காமல், மரம் வச்சு ஊர்க்காரங்க கட்டிக் காத்தது. நீங்க பார்க்கிற நகருக்கும் கடலுக்கும் நடுவில் என்ன இருக்கு? மேடு இருக்கா, சமன் பண்ணிட்டாங்களா? புரோக்கர் கிட்ட "கடல் தெரியுமா"ன்னு கேட்கிறதை விட இதைக் கேட்கலாம்.

இன்னொண்ணும் சொல்லிடுறேன். கடற்கரையில் காலியாக் கிடக்கிற இடம் எல்லாம் சும்மா கிடக்கிறது இல்லை. வலை காயப்போடுற இடம், கருவாடு காய வைக்கிற இடம், போட் ஏத்துற இடம். அதுக்குப் பட்டா கிடையாது, ஆனால் ஊருக்குத் தெரியும். யாரோ ஒருத்தர் அதைச் சேர்த்து வேலி போட்டு வித்துடுவாங்க. வாங்கினவர் வந்து நின்னால் ஊருக்கும் அவருக்கும் சண்டை. பாவம், அவரும் காசு கொடுத்துத்தான் வாங்கியிருப்பார். வாங்குறதுக்கு முன்னாடி அந்த ஊர்ப் பஞ்சாயத்தார் கிட்ட ஒரு வார்த்தை கேளுங்க. கேட்கிறதில் குறைச்சல் ஒண்ணும் இல்லை.

சுனாமிக் குடியிருப்பு வீடுகளும் சிலது விலைக்கு வருது. அது அரசு கொடுத்த ஒப்படை. கொடுத்த உத்தரவில் போட்டிருக்கிற நிபந்தனையைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீங்க.

பத்திர_எழுத்தர்_நாகை

தங்கச்சி சொன்னது அத்தனையும் சரி. சட்டப் பக்கம் ஒண்ணு சேர்க்கிறேன். அலை ஏறும் உச்சக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கடலோர ஒழுங்குமுறை மண்டலம். நகராட்சிக்குள் ஏற்கெனவே கட்டடம் நிறைஞ்ச பகுதியில், இருக்கிற சாலைக்கு ஊர்ப்பக்கமா கட்டலாம். கிராமப்புறத்தில் தடைப் பகுதி உண்டு. 2019 அறிவிக்கையில் மக்கள்தொகை அடர்த்தியைப் பொறுத்து அது 50 மீட்டர் அல்லது 200 மீட்டர். முகத்துவாரம், உப்பங்கழி ஓரத்துக்கும் தனி அளவு இருக்கு. கடல் தூரமாச்சேன்னு நினைச்சால் பின்பக்கம் கழி ஓடும், அதுவும் கணக்கில் வரும். கடலோர மண்டல வரைபடத்தில் அந்த சர்வே நம்பர் எந்த வகையில் வருதுன்னு எழுத்தில் வாங்குங்க.

நாகூர்_பாய்

அஸ்ஸலாமு அலைக்கும். வெளிப்பாளையத்துப் பழைய வீட்டைப் பத்தி யாரும் பேசலையே. எங்க வாப்பா கட்டின வீடும் அதே மாதிரிதான். சுண்ணாம்புக் காரை, தேக்குக் கட்டை, நடுவில் முற்றம். கஜா புயல், 2018 நவம்பர் 16 அதிகாலை, நாலு ஓடு போனதோட சரி. சுண்ணாம்புச் சுவர் உப்பையும் ஈரத்தையும் வாங்கி வெளியே விட்டுடும். அதுக்கு மேல் சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளேயே நின்னு சுவர் ஊதும். பழைய வீடு வாங்குறவங்க முதல் வேலையா சிமென்ட் பூசி டைல்ஸ் ஒட்டுறாங்க. அப்படிச் செய்யாதீங்க, சுண்ணாம்பு வேலை தெரிஞ்ச கொத்தனார் இன்னும் ஒண்ணு ரெண்டு பேர் இருக்காங்க. மண் யாருதுன்னு மட்டும் எழுத்தர் சொன்ன மாதிரி பார்த்துக்குங்க.

சைட்_இன்ஜினியர்_திருவாரூர்

பாய் சொல்ற சுண்ணாம்பு விஷயம் சரி. ஆனால் மெட்ராஸ் டெரஸில் கட்டையின் முனை சுவருக்குள் போற இடத்தில் கரையான் அரிச்சிருக்கும், வெளியே தெரியாது. தட்டிப் பார்த்து, தேவைன்னா ஒரு இடத்தில் உடைச்சுப் பார்த்துட்டு விலை பேசுங்க. கட்டைகள் மாத்தணும்னா செலவு புது வீட்டில் பாதிக்கு வரும்.

வெளிப்பாளையம்_வாத்தியார்

பாதி வரை வராது தம்பி. என் வீட்டில் மாற்றியிருக்கிறேன். எல்லாக் கட்டையும் ஒரே சமயத்தில் போகாது.

சைட்_இன்ஜினியர்_திருவாரூர்

ஐயா வீடு வருஷா வருஷம் பராமரிச்ச வீடு. பூட்டிக் கிடந்த வீடு வேற. ஓடு ஒண்ணு நகர்ந்து மழை ஒழுகினால் ரெண்டு வருஷம் போதும். இவர் பார்க்கிற வீடு எத்தனை நாளாப் பூட்டியிருக்குன்னு தெரியணும்.

மன்னை_சிங்கை

எல்லாருக்கும் நன்றி. இவ்வளவு விரிவா எழுதுவீங்கன்னு எதிர்பார்க்கலை. பழைய வீடு ஆறேழு வருஷமாப் பூட்டித்தான் இருக்கு. தண்ணி எப்படின்னு சொல்லலையே யாரும்? குடிக்கிற தண்ணி?

வாடகைக்கு_இருக்கேன்

அதை நான் சொல்றேன் அண்ணா. கணவருக்கு இங்கே வேலை, காடம்பாடியில் வாடகைக்கு இருக்கோம். குடிக்க நகராட்சித் தண்ணி பிடிச்சு வச்சுக்குவோம், பத்தாததுக்குக் கேன். போர் தண்ணி துணி துவைக்க, பாத்திரம் கழுவத்தான். பைப் வாயில் வெள்ளையாப் படியும், ஹீட்டர் காயில் சீக்கிரம் போயிடும், முடி கொட்டுதுன்னு எல்லாப் பெண்களும் சொல்லுவாங்க. ஆனால் ரெண்டு தெரு தள்ளி ஒரு வீட்டில் கைப்பம்பில் நல்ல தண்ணி வருது. ஒரே பகுதியிலேயே தெருவுக்குத் தெரு மாறுது.

சைட்_இன்ஜினியர்_திருவாரூர்

அதுக்குக் காரணம் உண்டு சகோதரி. பழைய மணல்மேடு ஓடுற இடத்தில் மழைத்தண்ணி மணலுக்குள் இறங்கி, கீழே இருக்கிற உப்புத்தண்ணிக்கு மேல் மெல்லிய அடுக்கா மிதக்கும். நல்ல தண்ணி எடை குறைவு, அதான். குறைஞ்ச ஆழத்தில், மெதுவா இறைச்சால் நல்லதாவே வரும். பேராசைப்பட்டு ஆழமா இறக்கி, பெரிய மோட்டார் போட்டு இழுத்தால் கீழேயிருந்து உப்பு மேலே ஏறிடும், பிறகு லேசில் திரும்பாது. களிமண் பாங்கில் அந்த அடுக்கே கிடையாது. அதனால்தான் கடலை ஒட்டின மணல்மேட்டு வீட்டில் இனிப்பாவும், உள்ளே தள்ளி வயல்காட்டு நகரில் உவர்ப்பாவும் இருக்கும். மனை பார்க்கும்போது பக்கத்து வீட்டுத் தண்ணியை ஒரு பாட்டிலில் பிடிச்சு டி.டி.எஸ். (கரைஞ்ச உப்பு அளவு) பாருங்க. குடிநீருக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது, வேறு வழியே இல்லைன்னா 2000 வரைன்னு தரக்கட்டுப்பாடு சொல்லுது. மொட்டைமாடி மழைத்தண்ணியை அந்த மணலுக்குள்ளேயே இறக்கி விட்டால் அடுக்கு தாங்கும்.

வாடகைக்கு_இருக்கேன்

இன்னொரு யோசனை அண்ணா. ஊர் திரும்பினதும் உடனே வாங்காதீங்க. ஆவணியிலிருந்து தை வரைக்கும் ஒரு வாடகை வீட்டில் இருங்க. அம்மாவுக்கு உப்புக் காத்து ஒத்துக்குதா, மூட்டுவலிக்கு எப்படி இருக்கு, கரன்ட் எப்படி, வேளாங்கண்ணித் திருவிழா நேரத்தில் ரோடு எப்படி, எல்லாம் தெரிஞ்சிடும். ஆகஸ்ட் 29 கொடியேற்றத்திலிருந்து செப்டம்பர் 8 வரைக்கும் அந்த ரோட்டில் நடந்து வர்ற கூட்டத்தைப் பார்த்தால், அந்த நகரில் இருந்து அவசரத்துக்கு ஆஸ்பத்திரி போறது எப்படின்னு நீங்களே கணக்குப் போட்டுக்கலாம்.

நிலத்தரகு_கீழையூர்

வாடகைக்கு இருந்து பார்க்கிற யோசனை நல்ல யோசனைதான். என் கிட்ட வர்றவங்க கிட்டயும் சொல்றேன். ஆனால் காடம்பாடி மனை அதுவரைக்கும் காத்திருக்காது, அதை மட்டும் மனசில் வச்சுக்குங்க. 5 சென்ட்னா 15 குழி, ரெண்டு பக்கம் ரோடு. நானும் அந்த மனையைப் பார்த்தவன், அதில் மழைக்குத் தண்ணி நிற்கிறதில்லை.

மன்னை_சிங்கை

மனைவி கிட்டயும் மச்சான் கிட்டயும் எல்லாத்தையும் படிச்சுக் காட்டினேன். வேளாங்கண்ணி ரோட்டு நகரின் ரேரா எண்ணைக் கேட்டதுக்கு இன்னும் பதில் வரலை. அதை விட்டுட்டோம். காடம்பாடி மனைக்கு டவுன் சர்வே நகலும் பக்கத்து வீட்டுத் தண்ணியும் எடுக்க மச்சான் இந்த வாரம் போறார். பழைய வீட்டின் தரை வாடகை ரசீது ஏதாவது இருக்கான்னும் விசாரிக்கிறார். எல்லாம் சரின்னு வந்தால், நான் அங்கிருந்து வராமல் மச்சான் பேருக்கு அதிகாரம் எழுதிக் கொடுத்துப் பதியலாமா எழுத்தர் அண்ணே? செலவு எவ்வளவு வரும்?

பத்திர_எழுத்தர்_நாகை

பதியலாம் தம்பி. அதிகாரப் பத்திரத்தை அங்கே இந்தியத் தூதரகத்தில் கையெழுத்துப் போட்டு அத்தாட்சி வாங்கி அனுப்புங்க. அது இந்தியாவுக்கு வந்து சேர்ந்த 3 மாசத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டி முத்திரை வாங்கிடணும், தள்ளிப் போட்டால் சிக்கல். அதில் எந்த மனை, என்ன டி.எஸ். நம்பர், என்ன அளவு, மச்சான் என்னென்ன செய்யலாம்னு தெளிவா எழுதுங்க. "என் சொத்துக்கள் அனைத்தும்"னு பொதுவா எழுதாதீங்க, உறவு நல்லா இருக்கும்போதே அளவோட எழுதுறதுதான் ரெண்டு பேருக்கும் நல்லது.

செலவுக்கு, வழிகாட்டி மதிப்பு, பேசின விலை ரெண்டில் எது கூடவோ அதன் மேல் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 2023இலிருந்து இந்தக் கணக்கு. பணம் வெளிநாடுவாழ் இந்தியருக்கான உங்க என்.ஆர்.ஈ. இல்லைன்னா என்.ஆர்.ஓ. கணக்கிலிருந்து பேங்க் வழியாவே போகட்டும். ரொக்கம் ஒரு ரூபாயும் வேணாம். மச்சான் டவுன் சர்வே நகல் வாங்கினதும் மூலப்பத்திரத்தோட என் கடைக்கு வரச் சொல்லுங்க, ரெண்டையும் வச்சு நாலு எல்லையை நானே ஒத்துப் பார்த்துச் சொல்றேன்.